முப்பத்தொரு தொட்டிகள்

காபிப்பழம் சிவக்கத் தொடங்கிய வாரத்தில் தொமித்திலாவைப் பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டு இப்போது சிறுநீரகத்தில் கை வைத்திருந்தது. லாரியின் முன்சீட்டிலிருந்து தம்பி நாபோர் அவளைக் குழந்தையைப் போலத் தூக்கி இறக்கினான்.

"என்னக்கா, எலும்பா இருக்க. ஒரு காபி மூட்டை உன்னவிடக் கனமா இருக்கும்."

"அப்ப அந்த மூட்டையைத் தூக்கிட்டுப் போ. நான் நடந்து வாறேன்."

வாய் மட்டும் பழையபடியே இருந்தது.

நாபோரின் மனைவி காசில்தா வாசலில் நின்றாள். நாத்தனாரோடு அவளுக்கு ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் காசில்தாவின் வான்கோழி ஒன்று அந்தச் சுவரைத் தாண்டிப் போய், தொமித்திலாவின் ஆர்கிட் செடி ஒன்றில் புதிதாய் வந்த தளிரையெல்லாம் கொத்தித் தின்றுவிட்டது. தொமித்திலா வான்கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிச் சுவருக்கு இந்தப்பக்கம் எறிந்தாள். கூடவே ஒரு சொல்லையும் எறிந்தாள்: "எதையும் வளக்கத் தெரியாத கை! அந்தக் கையில கோழி மட்டும் ஒழுங்கா வளருமா?"

காசில்தாவுக்கு மூன்று கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. மூன்றாவது போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தெருவில் எல்லோருக்கும் கேட்டது. காசில்தா வான்கோழியைக் கூட்டில் அடைத்துவிட்டு உள்ளே போனவள், அதற்குப்பிறகு சுவருக்கு அந்தப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

தொமித்திலாவின் புருஷன் எல்லை தாண்டி வடக்கே போனவன், திரும்பவில்லை. பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே நாபோர் கடப்பாரையால் சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடித்து வழி செய்தான்.

"செடிக்குத் தண்ணி ஊத்து. செடி செத்துச்சுன்னு கேள்விப்பட்டா அக்கா அங்கயே உயிரை விட்டுருவா" என்று மனைவியிடம் சொன்னான்.

இடித்த செங்கல்லின் மேல் கால் வைத்து காசில்தா முதல்முறையாக அந்த முற்றத்துக்குள் போனாள். கூரை வளையிலிருந்து வரிசையாகச் செடிகள் தொங்கின. எண்ணினாள். முப்பத்தொன்று. துருப்பிடித்த கம்பிக்கூடைகள், ஓட்டை வாளி, மரப்பட்டைத் துண்டு என்று கையில் கிடைத்ததிலெல்லாம் கட்டியிருந்தது. எதிலும் பெயர் இல்லை. பூவும் இல்லை. ஒரு கூடையில் எறும்பு புற்று வைத்திருந்தது. ஒன்று கம்பி அறுந்து தரையில் கிடந்தது. முடியாதவள், கடைசி வருஷம் கவனிக்கவில்லை என்று தெரிந்தது.

காசில்தா இரண்டு வான்கோழிகளைக் குயவனுக்குக் கொடுத்து முப்பத்தொரு மண்தொட்டி வாங்கினாள். ஒவ்வொரு செடியையும் கூடையிலிருந்து பிரித்து, அழுகிய வேரை நறுக்கி, இலை இலையாகத் துடைத்து, ஆற்றோரத்துப் பாசியும் மரப்பெரணி நாரும் இட்டு அமுக்கி நட்டாள். சுவரோரம் பலகை போட்டு எல்லாத் தொட்டியையும் வரிசையாக வைத்தாள். பன்னிரண்டு நாள் வேலை. முடித்த அன்று பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது, கோயிலில் மெழுகுவர்த்தி அடுக்கியது போல இருந்தது. அவள் வந்து பார்க்கட்டும், இந்தக் கை என்ன செய்யும் என்று தெரியட்டும் என்று நினைத்தாள்.

நாபோர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கூடையைத் தொட்டா அக்கா கையை ஒடிச்சிருவா. என்னையே தொட விட்டதில்ல."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"தண்ணி ஊத்துன்னு மட்டும்தானே சொன்னேன்."

திரும்பி வந்த தொமித்திலாவுக்குக் கண் இல்லை. தாழ்வாரத்து நாற்காலியில் உட்காரவைத்ததும் முதலில் கேட்டாள்: "செடியெல்லாம் இருக்கா?"

"இருக்கு."

"முப்பத்தொண்ணும்?"

"முப்பத்தொண்ணும் இருக்கு."

ஏழு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவைதான். தொட்டியைப் பற்றிச் சொல்ல காசில்தா வாயைத் திறந்தாள். பிறகு, நாளைக்குச் சொல்லலாம் என்று மூடிக்கொண்டாள். மறுநாள் காலை அவள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை தொமித்திலா முகத்தை அந்தப்பக்கமே திருப்பி வைத்திருந்தாள். அன்று மதியம் வரை பேசவில்லை. புது இடம் மாதிரி இருக்கிறது போல என்று காசில்தா நினைத்துக்கொண்டாள்.

அந்த மலையில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மழை என்று சொல்ல முடியாத ஒரு மழை பெய்யும். குடை பிடித்தால் ஊர் சிரிக்கும். பிடிக்காவிட்டால் அரை மணியில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூறலில்தான் பழம் பறிப்பு. காசில்தா விடியும்போது இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், மதியம் பிசுபிசுத்த விரல்களோடு திரும்பி, கறுப்பு பீன்ஸைச் சூடாக்கி, தோசைக்கல்லில் சோள ரொட்டி சுட்டு நாத்தனாருக்குக் கொடுப்பாள். உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது.

"இதைத் தின்னுட்டு உசுரோட இருக்கறதுக்கு, உப்புப் போட்டுத் தின்னுட்டுச் செத்துப்போகலாம்" என்பாள் தொமித்திலா.

"செத்தா எனக்கு ஒரு வேலை மிச்சம். தின்னுங்க மதினி."

நவம்பர் கடைசியில் ஒரு தொட்டியில் நீளமான தண்டு நீட்டி மொட்டு வந்தது.

"மதினி, ஒண்ணு மொட்டு விட்டுருக்கு."

"எது?"

"எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணுலயும் பேரு எழுதி வைக்கல."

"பேரு எதுக்கு எழுதணும்? உன் புருஷன் நெத்தியில பேரு எழுதியா வச்சிருக்க?"

"எழுதியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். சனிக்கிழமை எந்தச் சாராயக்கடையில கிடக்கான்னு யாராவது பாத்துக் கொண்டுவந்து விட்டுருப்பாங்க."

தொமித்திலா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, காசில்தா முதுகைத் தடவிவிட்டாள்.

"சரி, கிட்டப் போ. அடியில குண்டா ஒரு குமிழ் இருக்கும். அது மேல எத்தனை இலை?"

"ஒண்ணு. கெட்டி இலை. மாட்டு நாக்கு மாதிரி."

"குமிழ் உருண்டையா, சப்பையா?"

"சப்பை. ஓரத்துல வரப்பு இருக்கு."

"தண்டு என் கை நீளம் இருக்குமா?"

"உங்க கையவிடப் பெருசு."

"கல்லறைப்பூ. ஊதாவா வரும். செத்தவங்களுக்குப் படைக்கறதுக்கு வருஷா வருஷம் அதுக்கு அவசரம். இந்த வருஷம் பிந்திடுச்சு. அதே மாதிரி இலையோட இன்னும் ஒன்பது செடி இருக்கும், பாரு."

காசில்தா மத்தி மீன் டப்பாவை வெட்டி, தகட்டில் ஆணியால் பெயர் கீறி, பத்துத் தொட்டியிலும் செருகினாள். இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்து ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் முதல்முறையாக முற்றத்தில் இருந்தவற்றில் பத்துப்பேரைத் தெரியும் என்று இருந்தது.

அதன்பிறகு அது தினப்படி ஆனது. பழம் பறிக்கும்போதே நிழல்மரத்துக் கிளைகளில் ஆர்கிட் தெரிகிறதா என்று அண்ணாந்து பார்ப்பாள். முற்றத்தில் எது பூத்தாலும் ஓடிவந்து சொல்வாள்.

"மதினி, அந்த ஓரத்துல இருக்கறதுக்குச் சீக்கு. பூ தலைகீழா வந்துருக்கு. மூடி மேல, காலெல்லாம் கீழ தொங்குது."

"நிறம்?"

"மூடி கறுப்பு, கால் பச்சை."

"அட கிறுக்கி, அது பேய்க்கணவாய். அது அப்படித்தான் பூக்கும். கடல்ல பாத்ததில்ல?"

"நான் எங்க கடலுக்குப் போனேன்? உங்க தம்பி என்னை ஆத்துக்கே கூட்டிட்டுப் போனதில்ல."

மே மாதம் பொன்மழை என்ற செடி பூத்துக் கொட்டியது. அதற்கு முன்னால், ஏப்ரலில், மஞ்சளாய் ஒன்று. காசில்தா மோந்து பார்த்துவிட்டு, "கருவாப்பட்டை போட்ட காபி மாதிரி இருக்கு" என்றாள்.

"பட்டைப்பூ. அதோட இலை அகலமா, விசிறி மடிப்பா இருக்கும். காளைப்பூவுக்கும் அதே இலைதான். குழப்பிக்காத. இலை உதிர்ந்த பழைய குமிழ் உச்சியில முள் இருக்கான்னு தடவிப் பாரு. முள் இருந்தா பட்டை. முள் இல்லாம, குமிழுக்கு ஒரே ஒரு இலை இருந்தா அது காளை."

காசில்தா தடவிப் பார்த்தாள். முள் குத்திய விரலைச் சப்பிக்கொண்டே எண்ணினாள். "காளை நாலு."

"நாலா?" என்று கேட்டாள் தொமித்திலா. "நாலும் ஒரே செடியிலருந்து பிரிச்சது. அந்த மனுஷன் கல்யாணத்தன்னைக்குப் பள்ளத்து மரத்துலருந்து புடுங்கிட்டு வந்தான். இந்த வீட்டுக்கு அவன் கொண்டுவந்தது அது ஒண்ணுதான். மிச்சமெல்லாம் கொண்டு போனதுதான்."

"பாத்துருக்கேன். கோயில்ல தட்டுல தண்ணி ஊத்தி மிதக்க விட்டுருப்பாங்க. ரெண்டு கொம்பு, ரத்தப் புள்ளி."

"ஜூலையில வரும். மூணே நாள்தான். ஆனா வாசனை வீட்டுக்குள்ள, கட்டில் வரைக்கும் வந்து நிக்கும். மத்ததெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணும். இது ஒண்ணுக்குக் கண்ணு வேண்டாம்."

இத்தனைக்கும், செடியை ஒருமுறை தூக்கிக்கொண்டு வா, தொட்டுப் பார்க்கிறேன் என்று தொமித்திலா கேட்டதில்லை. காசில்தா பூவை மட்டும் கிள்ளிவந்து கையில் வைப்பாள். கேட்காதது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. தொட்டியைப் பற்றிச் சொல்ல நினைத்த நாளைக்கு வந்துகொண்டே இருந்தது; ஒவ்வொரு பூவுக்கும் பிறகு, இன்னும் ஒரு பூ வரட்டும், காளைப்பூ வரட்டும், அதை அவள் மோந்து பார்க்கட்டும், அப்போது சொன்னால் கோபம் வராது என்று தள்ளிப்போட்டாள்.

ஜூன் மாதம் மருத்துவமனை டாக்டர் நாபோரைத் தனியே கூப்பிட்டு, அடுத்த காபிப் பறிப்பை உங்கள் அக்கா பார்ப்பது சந்தேகம் என்றார். நாபோர் அதைச் சமையலறையில் மனைவியிடம் முணுமுணுத்தான். தாழ்வாரத்திலிருந்து குரல் வந்தது: "கண்ணுதான்டா போச்சு. காது இருக்கு."

அதற்குப்பிறகு காசில்தாவுக்கு வேறு நினைப்பு இல்லை. காளைப்பூ ஒருமுறை பூக்க வேண்டும். இந்த ஜூலையில் பூக்க வேண்டும். அடுத்த ஜூலையில் தொமித்திலா இருக்கமாட்டாள்.

"ஏ காசில்தா, காளை வந்துச்சா?" தினமும் காலையில் அதே கேள்வி.

"இன்னும் வரல மதினி."

நாலு தொட்டியையும் வெளிச்சம் பார்த்து நகர்த்தினாள். முட்டை ஓடு கழுவிய தண்ணீர் ஊற்றினாள். மற்றச் செடிகளில் மொட்டு வந்த இடத்திலெல்லாம், இலைக்கவட்டிலும் குமிழின் உச்சியிலும், விரலால் விலக்கி விலக்கித் தேடினாள். இலைகள் அவள் இடுப்பு உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று வளர்ந்து நின்றன. பூ மட்டும் இல்லை.

"நாலும் மலட்டுக் காளை போல" என்று சிரித்தான் நாபோர். காசில்தாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, காபிக் கோப்பையோடு எழுந்து வெளியே போனான்.

தாழ்வாரத்தில் தொமித்திலா எதுவோ சொல்ல வந்தது போல முகத்தைத் தூக்கினாள். பிறகு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஜூலை இருபத்திரண்டு மக்தலேனா திருவிழா. வீட்டுக்குத் திருவிழா ரொட்டி வாங்க காசில்தா ரொட்டிக்கார ரோமுலோவின் அடுப்படிக்குப் போனாள். ஈரத்தில் விறகுப்புகை மேலே போகாமல் தெருவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் புகைக்குள்ளும் ஒரு வாசனை வந்தது. ஒரு காலத்தில், ஜூலை மாதங்களில், சுவரைத் தாண்டி வந்து அவளைப் படுக்கையில் தூங்கவிடாமல் செய்த அதே வாசனை.

ரோமுலோவின் கூரை வளையில் ஒரு கம்பிக்கூடை தொங்கியது. கூடையின் மேலே வெறும் இலை. அடியில், கம்பி இடுக்கைத் துளைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து ஆறு காளைப்பூக்கள் தொங்கின.

"என்ன காசில்தா, வாயைப் பொளந்துட்டு நிக்கிற? ஈ நுழைஞ்சிரப் போவுது."

"இது... இது எங்கருந்து வருது?"

"எங்கருந்துன்னா? அடியிலருந்துதான். காளைப்பூ என்னைக்கு மேல பூத்துச்சு? தண்டு வேருக்குள்ள பூந்து கீழதானே வரும். உன் நாத்தனாரைக் கேளு, அவ குடுத்த கன்னுதான் இது." ரொட்டித் தட்டை இறக்கிவிட்டு, கத்தியால் ஒரு பூவை அறுத்து ரொட்டிக் காகிதத்தில் வைத்தான். "கொண்டுபோய்க் குடு. பாவம், எப்படி இருக்கா?"

காசில்தா நேரே தாழ்வாரத்துக்குப் போகவில்லை. பின்வாசல் வழியாக முற்றத்துக்குப் போய், நாலில் ஒரு தொட்டியைத் தூக்கிச் சாய்த்தாள். அடியில் தண்ணீர் வடிய வைத்திருந்த ஓட்டை வழியாக ஏதோ ஒன்று வெளியே வரப் பார்த்து, பலகையில் முட்டி, நசுங்கிப் பழுப்பாய் அப்பிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டாள். கூழாக வந்தது.

ஆக, பூக்காமல் இல்லை. அவள் இலைக்கவட்டில் தேடிக்கொண்டிருந்த ஒவ்வொரு காலையிலும் அது கீழே பூக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

கையில் பூ இருந்தது. நம் செடி பூத்துவிட்டது மதினி என்று சொன்னால் போதும். தொமித்திலாவுக்குக் கண் தெரியாது. அவள் சந்தோஷமாக இருப்பாள். பிறகு கொஞ்சநாளில் எதுவும் யாருக்கும் தெரியவேண்டியதில்லை. காசில்தா தாழ்வாரத்துக்குப் போய்க் காகிதத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள்.

தொமித்திலா இரண்டு கையாலும் பூவை எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"எங்க பூத்துச்சு?"

காசில்தா வாயைத் திறந்தாள்.

"நம்ம வீட்டுல இல்ல மதினி. ரோமுலோ வீட்டுல." அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் கூடையெல்லாம் பிரிச்சு மண்தொட்டியில வச்சுட்டேன். நீங்க ஆஸ்பத்திரியில இருக்கும்போதே. அது அடியில பூக்கும்னு எனக்குத் தெரியாது. எல்லாம் உள்ளயே அழுகிப்போச்சு."

"தெரியும்."

காசில்தா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன தெரியும்?"

"தொட்டியில இருக்கறது. நான் வந்த மறுநாளே தெரியும். கூடைக்குத் தண்ணி ஊத்தினா கல்லுல சடசடன்னு கொட்டும். இருபது வருஷமா கேட்ட சத்தம். நீ ஊத்தினப்ப சத்தமே இல்ல."

"நவம்பர்லயேவா?" காசில்தாவின் குரல் உயர்ந்தது. "நவம்பர்லயே தெரிஞ்சும் ஏன் மதினி சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே கூடையில மாத்தியிருப்பேனே! ஜனவரியில சொல்லியிருந்தாக்கூட... தினமும் வந்துச்சா வந்துச்சான்னு எதுக்குக் கேட்டீங்க? என்னை வேடிக்கை பாக்கவா?"

"நீயா சொல்லுவேன்னு கேட்டேன்." தொமித்திலா பூவை மடியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "உன் கையைப் பத்தி நான் ஒருதடவை ஒரு வார்த்தை சொன்னேன். சொன்ன நிமிஷமே அதைத் திரும்ப எடுத்து வாயில போட்டுக்கணும்னு இருந்துச்சு. ஏழு வருஷம் சுவத்துக்கு இந்தப்பக்கம் இருந்து, இன்னைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னு இருந்தேன். இதுல இன்னொரு தடவை, நீ வச்சது தப்பு, உன் கைபட்டதால பூக்காதுன்னு நான் எப்படிடீ சொல்லுவேன்? பூ போனாப் போகட்டும்னு இருந்துட்டேன். போகட்டும்னுதான் இருந்தேன். ஆனா ஜூலை வந்ததும் மனசு கேக்கல."

காசில்தா அழவில்லை. எழுந்து போய் நாலு தொட்டியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து நாற்காலியின் முன்னால் வைத்தாள். சுத்தியலால் ஒவ்வொன்றாக உடைத்தாள். மண் ஓடு சிதறி முற்றம் முழுக்கப் போனது. கறுத்த வேர்ப்பந்துக்குள் தொமித்திலா விரலை விட்டு, அழுகிய தண்டுகளை ஒவ்வொன்றாக உருவி எண்ணினாள்.

"இதுல மூணு. அதைக் குடு. இதுல ரெண்டு... தண்டுக்கு ரெண்டு பூ." ஒன்பது தண்டு வந்தது. ஒன்றில் மட்டும் நுனி பச்சையாக இருந்தது. தொமித்திலா அதை நசுக்கி மோந்து பார்த்தாள். மண் வாசனைதான் வந்தது.

"மதினி, மொதல்லயே வந்து கேட்டிருந்தேன்னா..."

"கேட்டிருந்தா, சொல்லியிருந்தா. விடு. கம்பி இருக்கா வீட்டுல?"

வேலிக் கம்பியை நாபோர் கொடியாகக் கட்டியிருந்தான். காய்ந்துகொண்டிருந்த அவன் சட்டைகளைத் தரையில் போட்டுவிட்டு காசில்தா அதை அறுத்து வந்தாள். தொமித்திலா கண் தெரியாமலே கம்பியை வளைத்து முறுக்கினாள். காசில்தா பாசியை நனைத்து, விரல் நுழையும் அளவுக்கு அடியில் இடுக்கு விட்டுப் பரப்பினாள். "அங்க அமுக்காத, தண்டு போக வழி விடு" என்று தொமித்திலா சொன்னாள். "தெரியுது, தெரியுது" என்றாள் இவள். கம்பி குத்தி இருவர் விரலிலும் ரத்தம் வந்தது. நாலு கூடையையும் வளையில் மாட்டி முடிக்கும்போது கோயிலில் திருவிழா வேட்டு வெடிக்கத் தொடங்கியிருந்தது. அவற்றில் பூ வர அடுத்த ஜூலை ஆகும். அதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

நாபோர் உள்ளே வந்து, முற்றம் முழுக்கக் கிடந்த ஓட்டையும் மண்ணையும் தன் சட்டைகளையும் பார்த்துத் திகைத்து நின்றான். இருவர் கையிலும் ரத்தம் இருந்தது.

"என்ன ஆச்சு? ரெண்டு பேரும் சண்டை போட்டீங்களா?"

"இல்லடா" என்றாள் தொமித்திலா. "போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காசில்தாவைப் பார்த்தான். அவள் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, விளக்குமாற்றைத் தேடப் போனான்.